நம் ஊர்ப் பருவங்களுக்கு ஏற்ற வாசனைத் திரவியத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன், வைகாசி மாதத்தில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம் நடந்தது. ஏசி இல்லாத பழைய மண்டபம், ஒன்பதரை மணிக்கு முகூர்த்தம். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் பரிசாகக் கொடுத்திருந்த சென்ட்டை அன்று காலையில் கழுத்திலும் இரண்டு மணிக்கட்டிலும் தாராளமாக அடித்துக்கொண்டு போனேன். அது ஊத் எனப்படும் அகில்கட்டை மணம்; விலை உயர்ந்தது, தரமானது. பத்து மணிக்கெல்லாம் மண்டபம் அடுப்பாகிவிட்டது. வியர்வை பெருகப் பெருக அந்த மணமும் பெருகி, இனிப்பும் புகையும் கலந்த ஒரு கனமான நெடியாக மாறியது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிப் பெண் ஒருவர் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். அவர் எழுந்த காரணம் எனக்குப் புரிந்தபோது மிகவும் வருத்தமாக இருந்தது. அதே சென்ட்டை அந்த ஆண்டு மார்கழியில் கொடைக்கானலுக்குப் போனபோது ஒரே ஒரு முறை அடித்துக்கொண்டேன். குளிரில் அது கம்பளிக்குள்ளிருந்து மெல்லக் கசிந்துகொண்டே இருந்தது; உடன் வந்தவர்கள் என்ன மணம் என்று விசாரித்தார்கள்.

புட்டி ஒன்றுதான், மாறியது பருவம். வாசனைத் திரவியங்களைப் புதிதாக வாங்கத் தொடங்குபவர்கள் எந்தப் பிராண்ட் நல்லது என்று கேட்பதற்கு முன், எந்தக் காற்றில் அதை அணியப்போகிறோம் என்று கேட்டுக்கொண்டால் பாதிச் செலவும் பல சங்கடங்களும் குறையும். அதற்கான வழிமுறையைத் தமிழ்நாட்டின் பருவங்களை வைத்துக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் ஊரின் பருவத்தைக் கணக்கிடுங்கள்

கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான திரவியங்கள் ஐரோப்பாவின் நான்கு பருவங்களை மனத்தில் வைத்து விளம்பரம் செய்யப்படுகின்றன. வசந்தத்துக்குப் பூ மணம், கோடைக்கு எலுமிச்சை மணம், இலையுதிர் காலத்துக்கு மரத்தின் மணம், குளிர்காலத்துக்கு வெனிலாவும், தித்திப்பான பிசின் மணமாகிய அம்பரும் என்று அவர்கள் வகுத்திருப்பது அவர்களுடைய ஊருக்குச் சரிதான். ஆனால் லண்டனில் ஜூலை மாதப் பகல் வெப்பம் சராசரியாக 24 டிகிரியை ஒட்டி நிற்கும்போது, சென்னையில் ஆண்டிலேயே குளிர்ந்த ஜனவரி மாதப் பகல்கூட 29 டிகிரியைத் தொடுகிறது. நம்முடைய பனிக்காலப் பகல், அவர்களுடைய கோடையைவிடச் சூடானது. ஆகவே, பெட்டியின் மேல் குளிர்காலத்துக்கு உகந்தது என்று அச்சிட்டிருப்பதை நம்பி மார்கழிக்கென்று ஒரு கனமான திரவியத்தை வாங்கும் சென்னைவாசி, அதை முழு அளவில் அணியத் தக்க நாளுக்காகக் காத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

பருவத்தை மூன்று கேள்விகளால் அளந்துகொள்ளலாம். நீங்கள் நடமாடும் இடத்தில் வெப்பம் எவ்வளவு, காற்றில் ஈரம் எவ்வளவு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஏசி அறைக்குள் இருக்கிறீர்கள் என்பவையே அவை. வெப்பம் கூடும்போது மணப்பொருள்கள் வேகமாக ஆவியாகின்றன. அதனால் மணம் தொடக்கத்தில் பலமாக எழுந்து விரைவில் தீர்ந்துவிடுகிறது. குளிரில் இதற்கு நேர்மாறாக, மணம் தோலோடு ஒட்டிக்கொண்டு மெல்ல எழுகிறது. ஈரக்காற்று வேறொரு விதமாக வேலை செய்யும். வியர்வை உலராமல் தேங்குவதால் மணம் நீர்த்துப்போவதோடு, காற்று அசையாத இடத்தில் அது கலையாமல் நம்மைச் சுற்றியே நிற்கும். மதுரை, திருச்சி, வேலூர் போன்ற உள் ஊர்களின் வறண்ட வெயிலும், சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கமும் இதனாலேயே வெவ்வேறு திரவியங்களைக் கேட்கின்றன.

ஏசி அறையைத் தனியொரு பருவமாகவே கருதுங்கள். எட்டு மணி நேரம் 24 டிகிரியில், வறண்ட காற்றில் உட்கார்ந்திருப்பவருக்கு, வெளியே அக்னி நட்சத்திரமே கொளுத்தினாலும், அலுவலக நேரத்துக்குரிய பருவம் ஏறத்தாழப் பின்பனிக் காலம்தான். ஒரு வாரத்துக்கு, பிற்பகல் இரண்டு மணியளவில் எங்கே இருந்தீர்கள், வியர்த்ததா, தோல் வறண்டிருந்ததா என்று மூன்று சொற்களில் குறித்து வையுங்கள். அந்த ஏழு வரிகள் எந்த விற்பனையாளரைக் காட்டிலும் சரியாக வழி சொல்லும்.

இரண்டாம் படி: புட்டியில் இருப்பது என்ன என்று அறியுங்கள்

சென்ட் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல அடர்த்திகள் உண்டு. பர்ஃபம் என்று எழுதியிருந்தால் அதில் மணத்தைலம் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு வரை இருக்கும், கடைக்காரர்கள் ஈ.டி.பி. என்று சுருக்கிச் சொல்லும் ஓ த பர்ஃபமில் 15 முதல் 20 விழுக்காடு, ஈ.டி.டி. எனப்படும் ஓ த துவாலெட்டில் 5 முதல் 15 விழுக்காடு. கொலோனில் 2 முதல் 5 விழுக்காடு மட்டுமே. மீதி பெரும்பாலும் ஆல்கஹால். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த அளவுகள் சற்று மாறுபடும். நம் வீடுகளில் காய்ச்சலில் கிடப்பவரின் நெற்றிக்குக் கைக்குட்டையில் நனைத்துப் போட்ட யூடிகோலோன் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரில், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், யோகான் மரியா ஃபரீனா என்ற இத்தாலியர் நாரத்தை, எலுமிச்சை வகைகளின் தைலங்களைக் கொண்டு உருவாக்கிய மணநீரே அதற்கு மூலம். அத்தரில் ஆல்கஹால் கிடையாது; எண்ணெயில் இறங்கிய மணம் என்பதால் அது எட்ட வீசாமல் அணிந்தவரின் அருகிலேயே நிற்கும்.

அடுத்து, எந்தத் திரவியமும் ஒரே மணமாகக் கடைசிவரை இருப்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அடித்தவுடன் எழுவது மேல்மணம். எலுமிச்சை, நாரத்தை, புதினா போன்றவை அதில் இருக்கும், அரை மணி நேரத்துக்குள் போய்விடும். அதன்பின் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும் நடுமணத்தில் ரோஜா, மல்லிகை போன்ற பூக்களும் ஏலக்காய் போன்ற வாசனைப் பொருள்களும் இடம்பெறும். சந்தனம், வெட்டிவேர், அகில், வெனிலா, கஸ்தூரி போன்ற கனமான பொருள்கள் அடிமணமாக மாலைவரை தங்கும். பருவத்துக்குத் தேர்ந்தெடுப்பது என்றால் முதன்மையாக இந்த அடிமணத்தைத் தேர்ந்தெடுப்பதுதான், ஏனெனில் உங்களோடு நாள் முழுவதும் இருக்கப்போவது அதுவே. கடையில் முதல் ஐந்து நிமிட எலுமிச்சை மணத்தில் மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்தபின் அடியிலிருந்து எழும் தித்திப்பைத் தாங்க முடியாமல் புட்டியை மூலையில் வைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மூன்றாம் படி: முதலில் குளியல், பிறகு மணம்

சுரக்கும்போது வியர்வைக்குப் பெரிதாக வாடை கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் உண்டாகிறது. அதன்மேல் சென்ட்டை அடித்தால் நாற்றம் மறைவதில்லை, இரண்டும் சேர்ந்து மூன்றாவது ஒன்றாக மாறும். வெயில் காலத்தில் அக்குளுக்கு மணமில்லாத டியோடரண்டைப் போட்டுக்கொண்டு, திரவியத்தை வேறு இடத்தில் பூசுவதே முறை. மணமுள்ள சோப்பு, மணமுள்ள பவுடர், மணமுள்ள கூந்தல் எண்ணெய், அதற்கு மேல் சென்ட் என்று நான்கையும் ஒன்றாக அணிந்தால் எதுவும் தெளிவாகத் தெரியாது.

நான்காம் படி: பருவத்துக்குரிய மணத்தைத் தேர்ந்தெடுங்கள்

பங்குனி தொடங்கி ஆனி முடிய நீளும் வெயில் காலமே நம்மைப் பொறுத்தவரை ஆண்டின் முதன்மையான பருவம். ஒரே ஒரு புட்டிதான் வாங்க முடியும் என்றால் இந்தப் பருவத்துக்கு வாங்குங்கள். இதற்குக் கொலோனும் ஈ.டி.டி.யும் உகந்தவை. நாரத்தை, எலுமிச்சை, நாரத்தைப் பூவிலிருந்து வடிக்கும் நெரோலி, பச்சைத் தேயிலை, பன்னீர் ரோஜா போன்ற மணங்கள் வெயிலில் இதமாக இருக்கும். ஆனால் இவற்றில் ஒரு குறை உண்டு. இவை பெரும்பாலும் மேல்மணங்கள் என்பதால், மே மாத வெயிலில் பேருந்து நிறுத்தம்வரை நடப்பதற்குள் தீர்ந்துபோகும். நீடித்து நிற்க வேண்டும் என்று அடர்த்தியான ஈ.டி.பி.க்குப் போனால் தித்திப்பும் கனமும் வந்து சேரும். இந்தச் சிக்கலுக்கு விடை நம் வீட்டுப் பானைக்குள்ளேயே இருக்கிறது.

என் பாட்டி சித்திரை பிறந்ததும் நாட்டு மருந்துக் கடையிலிருந்து ஒரு கைப்பிடி வெட்டிவேர் வாங்கி வருவார். மண் போக மூன்று தண்ணீரில் அலசி, நூலால் சிறு முடிச்சாகக் கட்டி, மண்பானைத் தண்ணீரில் போட்டுவிடுவார். முதல் நாள் தண்ணீரில் வேரின் மணத்தோடு மண்ணின் மணமும் இருக்கும்; இரண்டாம் நாளிலிருந்து குளிர்ந்த, சற்றே கசப்பான, பச்சை மணம் மட்டும் தங்கும். வசதியுள்ள வீடுகளில் சன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டி, மத்தியானத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். அனல்காற்று அதன் வழியாக நுழைந்து மணத்தோடு உள்ளே வரும். ஆவியாவதில் மிகவும் நிதானமான தைலங்களில் இந்த வேரின் தைலமும் ஒன்று. அது அடிமணமாக மாலைவரை நிற்கிறது. அடிமணமாக இருந்தும் வெனிலாவைப் போலத் தித்திக்காமல் குளிர்ச்சியாகவே மணக்கிறது. கோடைக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறென்ன வேண்டும்? உலகெங்கும் உள்ள மணக்கலைஞர்கள் இதை வெட்டிவேர் என்ற நம் சொல்லிலிருந்து பிறந்த வெட்டிவெர் என்ற பெயரால்தான் அழைக்கிறார்கள். கடலூர்க் கரையோர மணலில் பயிராகும் இந்த வேர், கரீபியன் தீவு நாடான ஹெய்ட்டியில் பெருமளவில் விளைந்து உலகச் சந்தைக்குப் போகிறது. ஆகவே, கோடைக்கு வாங்கும்போது மேல்மணத்தில் எலுமிச்சை வகையும் அடிமணத்தில் வெட்டிவேரும் உள்ள திரவியத்தைக் கேட்டு வாங்குங்கள். தித்திப்பில்லாத மென்மையான சந்தனமும் அடிமணத்துக்கு நல்லது.

மல்லிகையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மல்லிகையின் மணத்தில் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது; அளவாக இருக்கும்போது பூவுக்கு உயிரூட்டுவதும், மிகும்போது திகட்ட வைப்பதும் அதுவே. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி பெருகிப் பூத்து மலிவாகக் கிடைப்பது இதே கோடையில்தான். தலையில் இரண்டு முழம் மல்லி வைத்திருக்கும் நாளில் அதுவே போதுமான வாசனைத் திரவியம். அதன்மேல் இன்னொரு பூ மணத்தை அடித்து அதைக் கெடுக்க வேண்டாம். ஆண்கள் மல்லிகைத் திரவியத்தை விரும்பினால், கோடையில் இரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு எச்சரிக்கை இதைவிட முக்கியமானது. எலுமிச்சை, அதன் இனத்தைச் சேர்ந்த பெர்கமாட் என்ற பழம் ஆகியவற்றின் தோலைப் பிழிந்து எடுக்கும் இயற்கைத் தைலத்தில், வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும் பொருள்கள் உண்டு. பெர்கமாட்டிலிருக்கும் பெர்காப்டென் அவற்றில் ஒன்று. அந்தத் தைலத்தைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமோ மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டோ ஏற்படக்கூடும். பொறுப்பான நிறுவனங்கள் இந்தப் பொருளை நீக்கிய அல்லது குறைத்த தைலத்தையே பயன்படுத்துகின்றன. எசென்ஷியல் ஆயில் என்று விற்கப்படும் இத்தகைய தைலத்தை வாங்கி வீட்டிலேயே கலந்துகொள்பவர்கள், வெயில் படும் கழுத்திலும் கையிலும் அதைப் பூசக் கூடாது, துணியில் தொட்டுக்கொள்ளலாம்.

ஆடி முதல் புரட்டாசி வரை வெப்பம் அதிகம் குறைவதில்லை. ஆகவே கோடைக்கு வாங்கியதையே தொடரலாம். காற்று பலமாக வீசும் ஆடியில் தோலைவிடச் சட்டைக் காலரின் உட்புறத்தில் அடிப்பது நீடிக்கும். ஒரு மாறுதல் வேண்டும் என்பவர்களுக்குத் துளசி, மரிக்கொழுந்து போன்ற பச்சிலை மணங்கள் பொருந்தும். தவனத் தைலம் என்ற பெயரில் வெளிநாட்டு மணக்கலைஞர்கள் வாங்குவது மரிக்கொழுந்திலிருந்து இறக்கும் எண்ணெயைத்தான். சாரல் பொழியும் தென்காசி, கன்னியாகுமரிப் பக்கத்து வாசகர்கள் இந்த மாதங்களிலேயே அடுத்த பத்தியைப் பின்பற்றத் தொடங்கிவிடலாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முதல் எதிரி ஈரத்துணியின் வாடை. இரண்டு நாள் கொடியில் கிடந்தும் காயாத சட்டையின் மேல் எந்தத் திரவியத்தை அடித்தாலும் அது வீண்தான். துணியை இஸ்திரி போட்டு ஈரத்தை முழுவதும் போக்குங்கள். முடிந்தால் அலமாரிக்குள் வைக்குமுன் சாம்பிராணிப் புகை காட்டுங்கள். அதற்குப் பிறகு மண்ணோடும் மரத்தோடும் உறவுள்ள மணங்களைத் தேர்ந்தெடுங்கள்: வெட்டிவேர், பச்சௌலி என்ற செடியின் இலை, தேவதாரு, ஏலக்காய், மெல்லிய சந்தனம். பச்சௌலி என்ற பெயருக்கும் தமிழே மூலம் என்று அகராதிகள் கூறுகின்றன. மழைக்கால வெளிச்சத்தில், ஈரம் நிறைந்த காற்றில், இந்த மணங்கள் வெளியிலிருந்து வருவனவற்றோடு இசைந்து நிற்கும். பழத் தித்திப்பும் பவுடர் மணமும் இந்தக் காற்றில் பிசுபிசுப்பாகத் தோன்றும்.

மழைக்கென்றே செய்யப்பட்ட ஒரு திரவியமும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையை ஒட்டிய கன்னோஜ் நகரில் இறக்கப்படும் மிட்டி அத்தர் அது. சுட்ட களிமண் துண்டுகளைச் செம்புக் கொப்பரையில் தண்ணீரோடு இட்டு, வாயை மண்ணால் பூசி மூடி, விறகுத் தீயில் காய்ச்சுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே போய், நீரில் அமிழ்த்திய இன்னொரு செம்புப் பாத்திரத்தில் இருக்கும் சந்தனத் தைலத்தில் இறங்கும். முதல் மழை விழுந்த மண்ணின் மணம் அப்படியே எண்ணெயில் பிடிபட்டுவிடுகிறது. காய்ந்த மண்ணில் மழை விழும்போது எழும் அந்த மணத்துக்கு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964-இல் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. இலட்சம் கோடித் துகள்களில் சில துகள்கள் இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். மழைக்காலத்தில் மிட்டி அத்தர் ஒரு துளி போதும். மழையே பெய்யாத பங்குனி மாலையில் அதே துளியைப் பூசிப் பாருங்கள், அது வேறொரு வகை ஆறுதலைத் தரும்.

மார்கழி, தை மாதங்களில்தான் கனமான மணங்களுக்கு நம் ஊரில் இடம் உண்டு. பருவத்துக்கேற்ப மணத்தை மாற்றுவது நமக்குப் புதிய நாகரிகமன்று. குளிர்காலத்தை வருணிக்கும் சங்கப் பாட்டு ஒன்றில், சந்தனம் அரைக்கும் வட்டக்கல் பயன்படுவாரின்றிக் கிடக்கிறது. பெண்கள் மாலை சூடாமல் சில மலர்களை மட்டும் கூந்தலில் வைத்து, தகரம் என்ற வாசனை மரத்தின் விறகில் நெருப்பு மூட்டி, அகிலும் அயிர் என்ற புகைப்பொருளும் இட்டுப் புகைக்கிறார்கள். குளிர்ச்சி தரும் சந்தனம் ஒதுங்கி, வெம்மை தரும் அகில் உள்ளே வரும் அந்தக் காட்சியில் இந்தக் கட்டுரையின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இன்றைய திரவியங்களில் அகில், அம்பர், வெனிலா, இலவங்கப்பட்டை, கிராம்பு, குங்குமப்பூ, கஸ்தூரி என்று எழுதியிருப்பவை இந்த வரிசையைச் சேர்ந்தவை. பல மூலிகைகளும் வாசனைப் பொருள்களும் சேர்த்து இறக்கப்படும் ஷமாமா என்ற கன்னோஜ் அத்தரை வட இந்தியர்கள் குளிர்காலத்துக்கென்றே வைத்திருப்பார்கள். கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு போகிறவர்கள் ஒரு சிறு புட்டி வாங்கிக்கொண்டு போகலாம்.

சமவெளியில் இருப்பவர்கள் இவற்றை விடியற்காலைக்கும் இரவுக்கும் வைத்துக்கொண்டு, அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அதிகாலைப் பனியில் கோலம் போடும்போது இதமாக இருக்கும் அம்பர் மணம், அதே நாள் பதினோரு மணி வெயிலில் இதமாக இருக்காது. பனிக்காலத்தில் தோல் வறண்டிருப்பதால் மணம் தங்குவதில்லை என்ற குறையும் பலருக்கு உண்டு. மணமில்லாத மாய்ஸ்சரைசரையோ ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயையோ முதலில் தடவி, அது தோலில் ஊறியபின் திரவியத்தைப் பூசினால் நெடுநேரம் நிற்கும். சவ்வாதுப் பொடியை ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் நீரில் குழைத்துக் கழுத்தில் தடவிக்கொள்ளும் பழக்கமும் இந்தப் பருவத்துக்கு மிகப் பொருத்தமானது, விலையும் குறைவு.

ஐந்தாம் படி: அந்தப் பருவத்திலேயே சோதித்துப் பாருங்கள்

வெயில் காலத்துக்கான சென்ட்டை மார்கழியில் தள்ளுபடிக்கு வாங்காதீர்கள். ஏசி போட்ட கடைக்குள் நின்று முடிவு செய்யவும் வேண்டாம். கடைக்குப் போகும் நாளில் எதையும் பூசிக்கொள்ளாமல் போங்கள். முகர்ந்து பார்ப்பதற்கென்று கடையில் வைத்திருக்கும் டெஸ்டர் புட்டியைத் தாளில் அடித்து மூன்று மணங்களுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மூக்கு சோர்ந்துவிடும். இடையில் முகரச் சொல்லிக் காப்பிக்கொட்டைக் கிண்ணத்தை நீட்டுவார்கள். அதனால் பெரிய பயன் இல்லை. வெளியே வந்து சாதாரணக் காற்றைச் சுவாசிப்பதே போதும். தாளில் பிடித்த ஒன்றை மட்டும் முழங்கையின் உட்புறத்தில் அடித்துக்கொண்டு, வாங்காமல் வெளியேறுங்கள். வெயிலில் நடங்கள், பேருந்தில் ஏறுங்கள், வீட்டு வேலை செய்யுங்கள். அரை மணி நேரத்தில் ஒரு முறை, மூன்று மணி நேரத்தில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று முகர்ந்து பாருங்கள். அந்த இடத்தில் அரிப்போ தடிப்போ வந்தால் அந்தத் திரவியம் உங்களுக்கு வேண்டாம். மாலை முகர்ந்த மணமும் பிடித்திருந்தால் மறுநாள் போய் வாங்கலாம். முழுப் புட்டிக்கு முன் 5 அல்லது 10 மில்லி அளவில் கிடைக்குமா என்று கேளுங்கள்.

அத்தர் கடையில் இந்தச் சோதனை இன்னும் எளிது. திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் நாகூர் தர்காவை ஒட்டியும் அத்தர் விற்கும் கடைகள் உண்டு. அப்படியொரு கடையில் நான் வெயில் காலத்துக்கு என்று கேட்டபோது, பெரியவர் ஒருவர் புட்டியைத் திறந்து கண்ணாடி மூடியின் நுனியை என் புறங்கையில் ஒரு புள்ளியாக மட்டும் தொட்டார். நான் உடனே முகரப் போனதும் கையைப் பிடித்து நிறுத்தி, “இப்ப வேணாம் தம்பி, தொழுகை முடிஞ்சு வர்றேன், அப்ப சொல்லுங்க” என்றார். அவர் திரும்பி வந்தபோது அந்தப் புள்ளியில் சந்தனம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்கப்புறம்தான் விலையையே சொன்னார். இத்தகைய கடைக்காரர் கிடைத்தால் விடாதீர்கள். அதே சமயம், நல்ல சந்தனத் தைலம் மிகவும் விலை உயர்ந்தது என்பதால், நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 10 மில்லி சந்தன அத்தரில் உண்மையான சந்தனம் இருக்க வாய்ப்பில்லை என்பதையும் தெரிந்து வாங்குங்கள்.

ஆறாம் படி: அளவும் இடமும்

வெயில் காலத்தில் ஈ.டி.டி. என்றால் இரண்டு முறை அடித்தால் போதும். தீர்ந்துபோனால் மத்தியானத்தில் முகம் கழுவிவிட்டு இன்னொரு முறை அடிக்கலாம். ஈ.டி.பி.க்கும் அத்தருக்கும் எந்தப் பருவத்திலும் இதில் பாதி அளவே. ஒரு சாண் தள்ளி வைத்துக் காதுக்குப் பின்புறம், கழுத்தடி, முழங்கை உட்புறம் ஆகிய இடங்களில் அடியுங்கள். மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்க வேண்டாம். தேய்ப்பில் எழும் சூட்டில் மேல்மணம் சீக்கிரம் பறந்துவிடும். பட்டுப் புடவையின் மேலும் ஜரிகையின் மேலும் ஒருபோதும் அடிக்கக் கூடாது, ஏனெனில் பட்டில் கறை விழும், ஜரிகை கறுக்கும். முத்து மாலையை மணம் பூசி உலர்ந்தபின் அணியுங்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால், அடித்துக்கொண்ட கையோடு விளக்கேற்றவோ அடுப்புப் பக்கம் போகவோ வேண்டாம்.

அரை மணி நேரத்தில் உங்கள் மணம் உங்களுக்கே தெரியாமல் போகும். மூக்கு பழகிவிட்டது என்பதே அதற்குப் பொருள். பக்கத்தில் இருப்பவருக்கு அது முழுமையாகத் தெரிந்துகொண்டிருக்கும். ஷேர் ஆட்டோ, ஏசி பேருந்து, பரீட்சைக் கூடம் போன்ற மூடிய இடங்களுக்குப் போகும் நாளில் ஒரு முறைக்கு மேல் அடிக்காதீர்கள். மருத்துவமனைக்கும், கைக்குழந்தையைப் பார்க்கவும், ஆஸ்துமா உள்ளவர் வீட்டுக்கும் மணம் இல்லாமலே போவது நல்லது.

ஏழாம் படி: பாதுகாத்தல்

வெப்பம், வெளிச்சம், காற்று மூன்றும் திரவியத்தைக் கெடுக்கும். நம் ஊரில் கெடுவது இன்னும் விரைவாக நடக்கும். குளியலறை அலமாரி, சன்னலோர மேசை, வெயிலில் நிற்கும் கார் ஆகிய மூன்று இடங்களையும் தவிர்த்து, புட்டியை அதன் பெட்டியோடு பீரோவின் அடித்தட்டில் வையுங்கள். அடியில் ஒரு சிறு காகிதம் ஒட்டி வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். பருவம் மாறி ஒரு புட்டியை மீண்டும் வெளியே எடுக்கும்போது, தோலில் படுமுன் ஒரு தாளில் அடித்து முகருங்கள். எலுமிச்சை மணம் இருந்த இடத்தில் டர்பன்டைன் போன்ற நெடியோ புளித்த வாடையோ வந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அதைத் தோலில் பூச வேண்டாம். அடுத்த முறை அதே திரவியத்தை 100 மில்லிக்குப் பதிலாக 30 மில்லிப் புட்டியில் வாங்குங்கள். ஒரு வெயில் காலத்துக்கு அது தாராளமாகப் போதும்.